ஒரு நாளுக்கு ஓரிடம் போதும்

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு எங்காவது போய்வரலாம் என்ற பேச்சு எழுந்த உடனே ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் பக்கமிருந்து கல்வராயன் மலைக்குக் கிளம்பும் வேன்களிலும் இருசக்கர வாகனங்களிலும் அந்தப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முதலில் கோமுகி அணை, அடுத்து பெரியார் நீர்வீழ்ச்சி, நேரம் இருந்தால் மேகம் அருவி, கரியாலூரில் படகு சவாரி, வெள்ளிமலையில் சாப்பாடு, திரும்பும்போது கருமந்துறை. விடியற்காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் இத்தனையையும் பார்த்து முடிக்க வேண்டும். இப்படிப் போய்வந்தவர்களை மறுநாள் கேட்டால், எல்லாம் பார்த்தாயிற்று, ஆனால் நல்ல அலைச்சல் என்பார்கள். ஓய்வுக்கென்று கிடைத்த ஒரே நாளை அலைச்சலில் கழிப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஒரு நாள் பயணத்துக்கு ஓரிடம் போதும், மிஞ்சினால் இரண்டு. போகிறவருக்கும், கூட வரும் நண்பருக்கும், அந்த மலைக்கும், அங்கே வாழும் மக்களுக்கும் அதுதான் நல்லது.

முதலில் மலையின் அளவைப் பார்ப்போம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் சேலம் மாவட்டத்துக்கும் நடுவே சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்தான். அதாவது இரண்டு சென்னைகளை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். சென்னைக்கு வருகிறவர்கள் மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம், வண்டலூர் நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிட ஆசைப்பட்டால் நாமே வேண்டாம் என்று தடுப்போம். அதே ஆசையை, வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில், அதைவிடப் பெரிய நிலப்பரப்பில், தயக்கமில்லாமல் நிறைவேற்றப் பார்க்கிறோம். வடக்கே சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம்; தெற்கே பெரிய கல்வராயன் 4,000 அடியைத் தொடும். அடிவாரத்தில் முள்ளும் புதருமாக இருக்கும் காடு, சுமார் 400 மீட்டர் உயரத்துக்கு மேல் இலையுதிர் காடாக மாறுகிறது; இன்னும் மேலே ஏறினால் சமதளமும் அங்கங்கே சோலையும் வருகின்றன. ஒரே ஏற்றத்தில் மூன்று வகைக் காடு. வேகமாக ஏறும் வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது. அடுத்த வளைவும் எதிரே வரும் பேருந்தும்தான் தெரியும். அடுத்த இடத்துக்குப் போகும் அவசரத்தில் வழி முழுவதும் வீணாகிறது. மலைப் பயணத்தில் பாதிக்கு மேல் வழிதான் என்பதால், பயணத்திலேயே பாதி வீணாகிறது என்றும் சொல்லலாம்.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதைதான். கல்வராயன் அருவிகள் மழையை நம்பியவை. கோடையில் பாறை மட்டும் தெரியும்; நல்ல மழைக்குப் பிறகு பக்கத்தில் நிற்கவே முடியாத அளவுக்குக் கொட்டும். ஐந்து இடங்களை ஓடி ஓடிப் பார்க்கிறவருக்கு ஒவ்வோர் இடத்திலும் கேட்கத் தோன்றுவது ஒரே கேள்வி: தண்ணீர் வருகிறதா, வரவில்லையா? ஓரிடத்தில் நின்று நிதானிப்பவருக்கு அந்தத் தண்ணீரின் கதை முழுவதும் புரியும். பொட்டியம், கல்படை போன்ற மலை ஓடைகளில் வரும் நீர் இறங்கி, கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையில் சேர்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், மலையின் காலடியில் இருக்கும் இந்த அணையின் முழு நீர்மட்டம் 46 அடி. இங்கிருந்து திறந்துவிடும் நீரில்தான் கீழே நெல்லும் கரும்பும் விளைகின்றன. அந்தக் கரும்பை அரைக்க அதே கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இருக்கிறது. அணைக்கரையில் நண்பர்களோடு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் மலை, நடுவே நீர், மறுபக்கம் வயல் என மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். நாம் குளித்த அருவி யாருடைய வயலுக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டவர், அந்த ஓடையில் பிளாஸ்டிக் பாட்டிலை வீசக் கூசுவார். அறிவிப்புப் பலகைகள் செய்யாத வேலையை அந்த ஒரு காலைப்பொழுது செய்துவிடும்.

வார விடுமுறை எதற்காக வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அது தானாக வந்த ஒன்றல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பல ஆண்டுகள் கேட்டுப் போராடி, 1890-இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையையும், வார வேலைநேரத்துக்கு 48 மணி உச்சவரம்பையும் உறுதி செய்தது. அந்த ஒரு நாளைக் கேட்டவர்களின் நோக்கம், நேரம் பார்த்து ஓடும் வாழ்க்கையிலிருந்து ஒரு நாளாவது விலகியிருக்க வேண்டும் என்பதுதான். இன்று நாம் செய்வது என்ன? ஆறரைக்கு அணை, எட்டேகாலுக்கு அருவி, பதினொன்றுக்குப் படகு என்று ஞாயிற்றுக்கிழமைக்கும் நாமே ஒரு கால அட்டவணை போட்டுக்கொள்கிறோம். மேற்பார்வையாளர் இல்லை என்பதைத் தவிர அதற்கும் வேலைநாளுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. நண்பர்களில் ஒருவர் அந்த மேற்பார்வையாளர் வேலையையும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களைக் கிளப்பிக்கொண்டே இருப்பார். பாவம், அவருக்கு அன்று ஓய்வே கிடையாது.

ஓடி ஓடிப் பார்த்தாலும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு நிதானமாக ரசிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். இதைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கெல், ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சில பொருள்களை வெறுமனே பார்க்கவும், வேறு சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் சோதித்தபோது, முழுப் பொருளையும் படம் எடுத்தவற்றைவிட, கண்ணால் மட்டும் பார்த்தவற்றைப் பற்றிய விவரங்கள் அவர்கள் நினைவில் கூடுதலாக இருந்தன. அந்த முடிவுகள் 2014-இல் வெளியாயின. அதில் இன்னொரு செய்தியும் உண்டு: பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி, அதைக் கவனித்துப் படம் எடுத்தபோது நினைவு அப்படிக் குறையவில்லை. எனவே பழியைக் கேமரா மேல் போடுவதற்கில்லை. கவனம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் நினைவும் தங்குகிறது. பத்து நிமிடத்தில் நாற்பது படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறவர் கையோடு கொண்டுபோவது படத்தைத்தான். பார்த்த இடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்.

நண்பர்களோடு போவது என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே பழைய முன்மாதிரிகள் உண்டு. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் இருக்கிறது. ஒரு மழை இரவில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒதுங்கியது இந்த ஊரின் ஓர் இடைகழியில் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கத்தான் முடியும் என்னும் அளவுக்கு அது குறுகிய இடம். அந்த நெருக்கத்தில், நகர வழியில்லாமல் நின்ற இரவில்தான் மூன்று திருவந்தாதிகள் பிறந்ததாகச் சொல்கிறார்கள். அதே ஊரில் ஆற்றின் நடுவே ஒரு பெரும்பாறை, உச்சியில் சிறு கோயிலோடு நிற்கிறது. கபிலர் குன்று என்பார்கள். நண்பனான வள்ளல் பாரி மாண்ட பிறகு, அவன் மகளை இந்தப் பகுதியை ஆண்ட மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுப் புலவர் கபிலர் இங்கே உயிர் துறந்தார் என்ற செய்தியை, வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டு சொல்கிறது. அவசரமாக வருகிறவருக்கு அது பாலத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகும் ஒரு பாறை. அதே கரையில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, பாரி யார், கபிலர் யார், நட்புக்காக ஒருவர் எதுவரை போவார் என்று பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு அந்தப் பாறை வேறு ஒன்றாகிவிடும். இரண்டு கதைகளும் ஓரிடத்தில் தங்கியவர்களின் கதைகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வழிகாட்டும் நூல் எழுதுவதிலும் நம் மரபு பட்டியல் போடவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், கல்வராயனுக்கு வடக்கே உள்ள செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் நூல். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் எந்த வழியில் போகலாம், எங்கே பாம்பும் பொறியும் உண்டு, எந்தச் சிற்றூரில் தங்கலாம், அங்கே உள்ளவர்கள் என்ன உணவு தருவார்கள், இரவில் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் விரிவாக வருகின்றன. போய்ச்சேரும் இடம் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வழியும் வழியில் சந்திக்கும் மனிதர்களும்தான். சுற்றுலாவுக்கு இதைவிட நல்ல இலக்கணம் வேறு வேண்டியதில்லை.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு நியாயமானது. வாரம் முழுக்க உழைக்கிறோம், மாதத்தில் ஒரு நாள்தான் எல்லோருக்கும் சேர்ந்து அமைகிறது, வேன் வாடகையும் பெட்ரோலும் கொடுத்துப் போகிறோம், அப்படியிருக்க ஓரிடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது நட்டமில்லையா? செலவைக் கணக்குப் பார்ப்பதில் தவறில்லை. கணக்கைச் சரியாகப் போட வேண்டும். பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் ஆறு இடங்களுக்குப் போனால், மலைப்பாதையில் ஓடுவதும் வண்டி நிறுத்த இடம் தேடுவதும் ஆளைக் கூட்டிச் சேர்ப்பதும் பெரும்பகுதி நேரத்தைத் தின்றுவிடும். இடத்துக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. அதே பணத்துக்கு ஓரிடத்தில் ஆறு மணி நேரம் இருப்பவர்தான் கொடுத்த காசுக்கு அதிகம் பெறுகிறார். வேகத்தால் வரும் ஆபத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் கொண்டை ஊசி வளைவில் முந்தச் சொல்கிறது. வனத்துறை வேண்டாம் என்று தடுத்த அருவிக்கும் ஒரு நிமிடம் இறங்கிப் பார்த்துவிடலாம் என்று தூண்டுகிறது. மேலே பெய்த மழை கீழே வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். வானம் வெளுத்திருக்கும்போதே காட்டாற்றில் தண்ணீர் திடீரென உயர்வதுண்டு. நேரம் கையில் இருப்பவர் காத்திருப்பார், உள்ளூர்க்காரரிடம் கேட்பார். நேரம் இல்லாதவர் இறங்கிவிடுவார்.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இங்கே என்ன இருக்கிறது, ஓரிடத்தில் நாள் முழுக்க இருந்து எதைப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. இருப்பதைச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர் வட்டாரங்களில் இந்தத் தொழில் நடக்கிறது. ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மரத்தின் மேல் கோட்டு உருவம் மட்டும் இருக்கும். சிற்பி ஒரு கையில் உளியைச் சாய்த்துப் பிடித்து, மறு கையால் கொட்டாப்புளியைத் தட்டத் தட்ட, தேவையில்லாத மரம் மெல்லிய சுருள்களாகக் கழன்று விழும். அகன்ற உளி போய் ஒடுங்கிய உளி வரும். கண்ணும் விரலும் வர வர அடி மெதுவாகும். ஐந்து நிமிடம் பார்த்தால் எதுவும் நடந்ததாகவே தெரியாது. ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு முகம் வெளிவருவது தெரியும். மலை மேலும் அப்படித்தான். வெள்ளிமலைப் பக்கம் சாலையோரம் நிற்கும் மரவள்ளிக் காடு சும்மா பச்சையாகத் தெரியும். ஒரு சாண் குச்சியை நட்டு, ஏறக்குறைய பத்து மாதம் காத்திருந்து, பிடுங்கிய கிழங்கு ஆத்தூர், சின்னசேலம் பகுதிச் சேகோ ஆலைகளுக்குப் போய், நம் வீட்டுப் பாயசத்தில் ஜவ்வரிசியாக வருகிறது என்று அந்தத் தோட்டக்காரரே சொல்லக் கேட்டால் பச்சைக்குப் பொருள் கிடைக்கும். சாமை, தினை, கடுக்காய், புளி, தேன் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது.

மூன்றாவது எதிர்ப்பு கனமானது. ஓரிடத்தில் தங்கும் சிலரைவிட, பல இடம் சுற்றும் பெருங்கூட்டம் வந்தால்தானே மலைமக்களுக்கு வருமானம் என்று கேட்பார்கள். பெருங்கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. நெரிசலும் குப்பையும் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வேலைநாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வாகனங்களுக்கே உச்சவரம்பு வந்தது. பெரிய விடுதிகளும் அகலச் சாலைகளும் உள்ள மலைகளுக்கே இந்த நிலை என்றால், கல்வராயன் எதைத் தாங்கும்? வருமானம் என்ற வாதமும் நெருங்கிப் பார்த்தால் நிற்பதில்லை. ஆறு இடம் ஓடும் வேன், சமவெளியிலிருந்தே சாப்பாட்டையும் தண்ணீர் பாட்டிலையும் நொறுக்குத்தீனியையும் ஏற்றிக்கொண்டுதான் வருகிறது. இறங்கிச் சாப்பிட அதற்கு நேரம் இல்லை. மலையில் அது விட்டுச்செல்வது குப்பையைத்தான். ஒரே ஊரில் நாள் முழுக்க இருப்பவர் அங்கேயே டீ குடிக்கிறார், அங்கேயே சாப்பிடுகிறார், திரும்பும்போது விலை பேசாமல் ஒரு படி சாமையும் ஒரு பாட்டில் தேனும் வாங்குகிறார். பத்து வேன் அவசரத்தைவிட இரண்டு வேன் நிதானம் அந்த ஊருக்கு லாபம்.

இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வாய்மொழி வரலாற்றில் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ் பேசும் உழவர்கள். மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த அவர்களது நிலம், நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் பிந்தியே வந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கல்வராயன் என்ற பெயர் நாடெங்கும் சாராயத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. அதன் பின் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலைமக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. இவ்வளவு துயரம் கண்ட ஒரு மலைக்கு, மதுப் பாட்டிலோடு ஏறி, அருவிப் பாறையில் உடைத்துப் போட்டுவிட்டு வருவது எப்படிக் கொண்டாட்டமாகும்? அந்தக் கண்ணாடிச் சில்லில் மறுநாள் கால் வைப்பது ஆடு மேய்க்கும் சிறுவன். நண்பர்கள் கூடினால் குடிதான் என்பது பேச நேரமும் பேச விஷயமும் இல்லாதவர்களின் பழக்கம். நாள் நீளமாக இருந்தால் பேச்சே போதுமானதாகிவிடும்.

ஓரிடத்தில் இருக்கச் சொல்வது எளிது, இருப்பதற்கு அங்கே வசதி வேண்டாமா என்று பெண்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி முழுக்கச் சரி. தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாளைக் கழிக்க முதலில் தேவை சுத்தமான கழிப்பறை, உடை மாற்ற அறை, நிழலில் நாலு பெஞ்சு, நேரத்துக்கு வரும் பேருந்து, அப்புறம் பயமில்லாத சூழல். இவை இல்லாத இடத்தில் அவர்கள் பத்து நிமிடத்தில் கிளம்பத்தான் செய்வார்கள். அதை அவசரம் என்று குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சுற்றுலா வளர்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். வரவேற்பு வளைவும் வண்ண விளக்கும் வருகிறவரைப் படம் எடுக்க வைக்கும். கழிப்பறையும் நிழலும்தான் அவரை உட்கார வைக்கும். இதே வசதிகள் அந்த ஊர்ப் பெண்களுக்கும் தேவையானவை என்பதால், செலவு செய்த ஒவ்வொரு ரூபாயும் இரட்டிப்புப் பயன் தரும்.

அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். பட்டியலில் உள்ள இடங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மழைக்காலம் முடிந்து, அருவிக்குப் போக வனத்துறை தடை இல்லாத நாளாகப் பாருங்கள். முடிந்தால் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் அரசுப் பேருந்தில் ஏறுங்கள். வண்டி ஓட்டும் கவலை இல்லாமல் நண்பர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம். சாப்பாட்டை மலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகும் பை துணிப்பையாக இருக்கட்டும், குப்பை உங்களோடே இறங்கட்டும். விட்டுப்போன இடங்களை நினைத்து வருந்த வேண்டாம். அவை மீண்டும் அந்த நண்பர்களோடு கிளம்புவதற்கான காரணங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடித்தவர்களுக்கு மறுபடி வரக் காரணம் இருக்காது. ஒன்றை நன்றாகப் பார்த்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இருக்கும்.